வலது பக்க சிக்னல்

மாட்டுத்தாவணி, மதுரை
19.06.2025

அண்ணே,

நேத்தும் மனு போட்டுட்டு ஜெயில் வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னேன். "உங்க அண்ணன் யாரையும் பாக்க விரும்பலைன்னு சொல்லிட்டாரும்மா"ன்னு அந்தக் காவலர் வந்து சொன்னாரு. போன வாரமும் இதே பதில்தான். பாவம், அந்த மனுசன் என் மூஞ்சியப் பாக்காம சுவத்தப் பாத்துச் சொன்னாரு. அதான் கடுதாசி எழுதுறேன். ஒரே ஊருக்குள்ள இருந்துக்கிட்டு உனக்குத் தபால் போடுறேன் பாரு.

நம்ம வக்கீல் மாதங்கி மேடம் வக்காலத்து டைப் அடிச்சு உள்ள அனுப்பிட்டாங்க. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. தீர்ப்பு வந்தது 12ஆம் தேதி. அதுலேருந்து முப்பது நாளுக்குள்ள அப்பீல் போடணுமாம். முப்பதாவது நாள் சனிக்கிழமை, கோர்ட்டு லீவு. அதனால ஜூலை 11 வெள்ளிக்கிழமைதான் நமக்குக் கடைசின்னு வச்சுக்கன்னு மேடம் சொல்றாங்க.

ஒரு வருசம்னு படிச்சிட்டு ஜட்ஜ் அய்யா உன்னைத்தான் பாத்தாரு. "அப்பீல் போறேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தண்டனைய நிறுத்தி வச்சு உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்களாம். மேடம் உன் காதுக்கிட்ட வந்து சொல்றாங்க. நீ தரையவே பாத்துக்கிட்டு நிக்கிற. ஏண்ணே? சிக்னல் போட்டுட்டுத்தான் திரும்புனேன்னு ரெண்டு வருசமா சொன்னது நீதானே? திடீர்னு வாய்க்கு என்ன ஆச்சு?

அம்மா தினமும் வாசல்லயே உக்காந்திருக்கு. "எம்புள்ள ஒத்துக்கிட்டானா?"ன்னு கேக்குது. இல்லம்மாங்கிறேன். "பின்ன ஏன் வரலை?"ங்குது.

கையெழுத்துப் போடு. உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்.

வாணி

*

சிறை, மதுரை
24.06.2025

வாணிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வருகிற கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதை மனதில் வைத்து எழுது.

வக்காலத்து வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்காதே.

அன்றைக்குக் காலை சோழவந்தானில் கல்யாண மாப்பிள்ளையை ஏற்றப் போய்க்கொண்டிருந்தேன். அவர்கள் தெருவுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். சந்து குறுகல், அம்பாசிடர் அகலம். எப்போதும்போல முதலில் இடது பக்கம் லேசாக ஒடித்து, பிறகு வலது பக்கம் வளைத்தேன். பின்னால் வந்த மொபெட் என் கதவில் மோதியது. ரோடு முழுக்க வெற்றிலைக் கட்டு சிதறிக் கிடந்தது. இதெல்லாம் கோர்ட்டில் நீ கேட்டதுதான்.

கேட்காதது ஒன்று இருக்கிறது. ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும், மொபெட்டில் வந்த அந்தச் சங்கிலியின் தலை என் மடியில் இருந்தது. அவருக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, "சொல்லாமத் திரும்பிட்டியேப்பா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மேடம் கோர்ட்டில் என்ன சொன்னார்கள்? சிக்னல் எரிந்தது, சங்கிலிதான் பார்க்காமல் முந்தினார் என்றார்கள். அதைச் சங்கிலியின் சம்சாரம், அந்தம்மா முத்துத்தாய், பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சாகக் கிடக்கிற மனுசன் எதற்குப் பொய் சொல்லப்போகிறார்? எதிர்ச் சாரியில் டீக்கடை போட்டிருக்கிற பாண்டிராஜுக்கு என்மேல் என்ன பகை? லைட் எரியவில்லை என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். போட்டேன் என்று சொல்கிறவன் நான் ஒருத்தன். ஆயிரம் தடவை அதே லீவரைத் தட்டியிருக்கிறேன். அந்த ஆயிரத்தில் ஒன்றை நினைத்துக்கொண்டு அன்றைக்கும் போட்டதாக நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

இப்போது எனக்கே என்னைத் தெரியவில்லை. ஒரு வருசம்தானே. கழியட்டும்.

மனு போட்டு வெயிலில் நிற்காதே. வண்டியைக் கழித்துப் போட்டுவிடு. யாரும் அதில் இனி மாப்பிள்ளையாக ஏற வேண்டாம்.

சித்தார்த்

*

மாட்டுத்தாவணி
28.06.2025

அண்ணே,

நீ பொய் சொல்லலை. நீ சிக்னல் போட்டிருக்க. இதை மொதல்ல எழுதிட்டு மத்தத எழுதுறேன்.

வண்டியக் கழிக்கச் சொன்னியே. அதுக்காகத்தான் வியாழக்கிழமை, நான் வேலை பாக்குற காளை அண்ணே பட்டறையில, வண்டி மேல கெடந்த தார்ப்பாய எடுத்தேன். கோர்ட்டு உத்தரவுல கைக்கு வந்ததுலேருந்து அங்கனயேதான் கெடக்கு. வலது கதவு அமுங்குனது அமுங்குனபடி. வேற பேட்டரிய மாட்டி, வாசல் கேட்டுக்கிட்ட நகத்துவோம்னு உக்காந்தேன். பழக்கத்துல வலது சிக்னலத் தட்டிட்டேன். எரிஞ்சுச்சு. முன்னாடி எண்ணெய் டிரம் ஒண்ணு இருந்துச்சுன்னு ஸ்டியரிங்க லேசா இடது பக்கம் ஒடிச்சேன்.

லீவர் தானா மடங்கிருச்சு. லைட்டு அவிஞ்சிருச்சு.

வலது பக்கம் முழுசாத் திரும்பி, வீல் நேரா வரும்போதுதான் அது மடங்கணும். திரும்புறதுக்கு முன்னாடியே மடங்குது. மறுபடி போட்டேன், மறுபடி நாலு விரக்கடை ஒடிச்சேன், மறுபடி அவிஞ்சிருச்சு. காளை அண்ணன பின்னாடி நிக்க வச்சு எத்தனை தடவை பாத்தோம்னு தெரியாது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். வண்டி சும்மா நிக்கும்போது போட்டா ஒழுங்கா எரியும். நம்ம வண்டியப் பரிசோதனை பண்ணுனவரும் நிக்க வச்சுத்தான் பாத்திருப்பாரு. "சிக்னல் வேலை செய்கிறது"ன்னு எழுதிட்டாரு.

அந்தச் சந்துல நீ மொதல்ல இடது பக்கம் ஒடிச்சேன்னு நீயே எழுதியிருக்க. புரியுதாண்ணே? நீ போட்ட. அது அவிஞ்சது உனக்குத் தெரியாது. சங்கிலி அண்ணனுக்குத் தெரிஞ்சது அவிஞ்ச லைட்டுதான்.

கையெழுத்துப் போடு. இன்னும் ரெண்டு வாரம்கூட இல்லை.

வாணி

*

சிறை, மதுரை
02.07.2025

வாணி,

என்மேல் இருக்கிற பாசத்தில் கதை கட்டாதே. இரண்டு வருசம் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டி. அதில் எது வேண்டுமானாலும் கெட்டுப் போயிருக்கும். இன்றைக்கு மடங்குகிற லீவர் அன்றைக்கும் மடங்கியது என்று யார் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. "விபத்துக்கு முன் வண்டியில் ஏதாவது வேலை பார்த்தீர்களா?" என்று என்னைக் கேட்டார்கள். ஸ்டேஷனிலும் கேட்டார்கள், கோர்ட்டிலும் கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். முந்தின நாள்தான் நீ ஸ்டியரிங் தண்டை இறக்கி ஏற்றினாய் என்று சொல்லியிருந்தால் உன்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்கள். நம் தெருப் பெண் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். வேலையில் ஒரு குறையும் இல்லை, எதற்கு உன் பேரை இழுப்பது என்று நினைத்தேன்.

அது நீ தனியாக முழுசாகச் செய்த முதல் வேலை. நம் தெரு மாப்பிள்ளைகள் காரில் போவதற்கு யாரையும் கேட்டு நிற்கக் கூடாது என்றுதான் அந்த வண்டியை வாங்கினேன். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டில் இறங்கியதும், "இந்த ஸ்டியரிங்கை என் தங்கச்சிதான் கழற்றி மாட்டினாள்" என்று சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

ஆகவே விட்டுவிடு. நீ புதிதாக எதையாவது கிளப்பினால் நான் கோர்ட்டில் பொய் சொன்னவன் ஆவேன். நீயும் மாட்டுவாய்.

சித்தார்த்

*

மாட்டுத்தாவணி
04.07.2025

அண்ணே,

நீ எழுதுன கடைசிக் கடுதாசிய நான் முழுசாப் படிக்க ஒரு ராத்திரி ஆச்சு. தங்கச்சிதான் மாட்டுனான்னு எழுதியிருக்கியே, அந்த இடத்துக்கு மேல போக முடியலை.

இதை ஜெயில் ஆபீஸ்ல படிப்பாங்கன்னு தெரியும். படிக்கட்டும்.

ஸ்டியரிங் தண்டுல மேல, வீலுக்குக் கீழ, ஒரு வளையம் இருக்கும். அதுல மூக்கு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். வீல் திரும்பி நேரா வரும்போது அந்த மூக்கு இடிச்சுத்தான் லீவர் மடங்கும். வண்டி நேராப் போகும்போது மூக்கு லீவருக்குத் தள்ளி இருக்கணும். நான் நேத்து வீலக் கழட்டிப் பாத்தேன். மூக்கு லீவர ஒட்டி நிக்குது. வளையத்து ஸ்க்ரூ லூசாகலை, துருப்பிடிக்கலை, அசையலை. நான் முறுக்குனபடியே இறுக்கமா இருக்கு. தப்பான இடத்துல வச்சு நல்லா முறுக்கியிருக்கேன். வெயிலும் மழையும் அதை ஒண்ணும் செய்யலை அண்ணே. நான்தான் செஞ்சேன்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். ஸ்டியரிங் ஆடுதுன்னு நீ கொண்டாந்து விட்ட. தண்ட இறக்கி, தேஞ்ச புஷ்ஷ மாத்துனேன். சிக்னல் ஒயரெல்லாம் தோல் உரிஞ்சு கெடந்துச்சு, புதுசா இழுத்தேன். மறுபடி ஏத்தி மாட்டிட்டு இடது, வலதுன்னு போட்டுப் பாத்தேன். எரிஞ்சுச்சு. காளை அண்ணே, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுக் குடும்மா"ன்னாரு. நான் ஓட்டிப் பாக்கலை.

ஏன் தெரியுமா? அன்னைக்கு நீ ரெண்டு தடவை போன் பண்ணி, "முடியலைன்னா காளை அண்ணன்கிட்ட விட்டுரு வாணி"ன்ன. எனக்கு அம்புட்டு ரோசம். ஓட்டிப் பாத்து ஏதாச்சும் கிளம்புனா மறுபடி கழட்டணும், நீ வந்து பாத்துச் சிரிப்பன்னு நெனச்சேன். சாவிய உன் கையில குடுத்து, "எல்லாம் பாத்தாச்சு"ன்னு சொன்னேன். நீ தலையத் தட்டிட்டு எடுத்துட்டுப் போன.

இதுக்கு மேல உள்ளதுதான் சொல்ல முடியாதது. லைட் எரியலைன்னு பாண்டிராஜ் சாட்சி சொன்னாருல்ல. என் வேலைதானோன்னு அப்பவே தோணுச்சு. தீர்ப்புக்கு நாலு மாசம் முன்னாடியே வண்டி என் கைக்கு வந்துருச்சு. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். தார்ப்பாயத் தூக்கி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சிக்னலத் தட்டிப் பாத்திருக்கலாம். பாக்கலை. பாத்தா தெரிஞ்சு போயிருமேன்னு பாக்கலை. எப்படியும் உன்னை விட்டுருவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

நீ உள்ள போயிட்ட.

கையெழுத்துப் போடு. நான் எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப் போறேன்.

வாணி

*

சிறை, மதுரை
07.07.2025

நாலு மாசம்.

நாலு மாசம் அந்த வண்டி உன் பக்கத்தில் நின்றது. நான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் உன்னோடுதான் கோர்ட்டுக்கு வந்தேன். நீ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். "கவலைப்படாதண்ணே" என்றாய்.

ஒரு மனுசனைக் கொன்றுவிட்டு அவன்மேலேயே பழி போட்டவன் என்று என்னை நானே காறித் துப்பாத நாள் இல்லை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தால் அந்த முகம்தான். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று இங்கே இருக்கிற டாக்டரிடம் கேட்டேன். செய்ததைச் செய்தோமா இல்லையா என்று தெரியாமல் போவது ஒரு வியாதியா என்று கேட்டேன். அவர் தூங்குவதற்கு மாத்திரை எழுதினார்.

உன் கடிதத்தைப் படித்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு இடது பக்கம் ஒடித்தபோது கைக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்டேன் வாணி. அதைக் குனிந்து பார்ப்பதற்குள் மொபெட் வந்துவிட்டது. அதற்கப்புறம் கேட்ட சத்தத்தில் இது அமுங்கிப்போனது. இரண்டு வருசமாக அந்தச் சத்தத்தை நான் தேடவே இல்லை.

உன்னை அடிக்க வேண்டும்போல இருக்கிறது. எழுந்து நடக்கக்கூட இடமில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். போட்டால் அடுத்து உன்னைக் கூண்டில் ஏற்றுவார்கள். அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகளும் இல்லாமல் போகும். நான் ஏற்கனவே உள்ளே இருக்கிறேன், இப்படியே இருந்துவிடுகிறேன். இது பெருந்தன்மை இல்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மாவுக்காகத்தான்.

பதில் எழுதாதே.

*

மாட்டுத்தாவணி
09.07.2025

அண்ணே,

பதில் எழுதாதன்ன. இந்த ஒண்ண மட்டும் படிச்சிட்டுக் கிழிச்சுப் போட்டுரு. தபால்ல போட்டா நேரத்துக்கு வராதுன்னு மேடம் அவங்க ஆபீஸ் ஆள்கிட்டக் குடுத்து அனுப்புறாங்க.

நேத்து காலையில சோழவந்தானுக்குப் போனேன். முத்துத்தாய் அக்கா வீட்டுக்கு. கொடிக்கால் வேலைக்குப் போயிருக்குன்னாங்க. அங்கயே போனேன். வெத்தலை கிள்ளிக்கிட்டு இருந்துச்சு. என்னையக் கோர்ட்டுல பாத்த அடையாளம் தெரிஞ்சிருச்சு. "உங்க அண்ணன் அனுப்புச்சா?"ன்னு கேட்டுச்சு. இல்லக்கா, அண்ணனுக்குத் தெரியாதுன்னேன்.

நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். வளையம், மூக்கு எல்லாம் அதுக்குப் புரியலை. அதனால தரையில உக்காந்து ஒரு குச்சிய நட்டு, அதுல வெத்தலைக் காம்பச் சுத்திக் காட்டுனேன். குச்சியத் திருப்புனதும் காம்பு பக்கத்து வெத்தலையத் தள்ளி விட்டுச்சு. அதுவும் ஒரு தடவை குச்சியத் திருப்பிப் பாத்துச்சு.

"அப்ப உங்க அண்ணன் லைட்டப் போட்டது நெசமா?"ன்னு கேட்டுச்சு.

"நெசம்க்கா."

"எங்க வீட்டுக்காரரு பாத்தப்ப எரியாம இருந்ததும் நெசமா?"

"அதுவும் நெசம்க்கா."

கையில இருந்த வெத்தலையக் கீழ வச்சிருச்சு. "ரெண்டு வருசமா எங்க ஊருல என்ன சொல்றாங்க தெரியுமா? குடிச்சிட்டுப் போயி கார்ல விழுந்தான்னு சொல்றாங்க. அது குடிக்காத மனுசன். லைட்டப் பாக்காமப் போச்சுன்னு உங்க வக்கீலம்மா சொன்னாங்க. எம்மாமியாரே என்கிட்ட, 'அவன் நெதானமாப் போயிருந்தா'ன்னு சொல்லிக் காட்டுது. அது போனதோட போகலை. தப்பும் அது தலையில."

நான் கால்ல விழப் போனேன். தள்ளி நின்னுக்கிருச்சு. "என் கால்ல விழுந்து என்ன ஆகப் போகுது? மன்னிக்கிறதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்லை. கொடிக்கால்ல வந்து எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போனா எனக்குத்தான் தெரியும். கோர்ட்டுல சொல்லு. என் புருசன் பாக்காமப் போகலைன்னு அங்க எழுதணும்"ன்னுச்சு. அம்புட்டுதான். மறுபடி வெத்தலை கிள்ளப் போயிருச்சு.

திரும்பி வந்து மாதங்கி மேடம் ஆபீஸ்ல பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். காளை அண்ணனும் போட்டுட்டாரு. வீல மறுபடி மாட்டலை. வளையத்தத் தொடலை, அது அந்தபடியே இருக்கட்டும், கோர்ட்டு ஆளு வந்து பாக்கட்டும்னு மேடம் சொல்லிட்டாங்க. உன் பேருல பொய் சொன்னதா வந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். தங்கச்சிய மறைச்சதுக்கு ஒரு வருசத்துக்கு மேலயா குடுக்கப் போறாங்கன்னாங்க. எனக்கு என்ன வரும்னு கேட்டேன். அதுக்கு அவங்க சிரிக்கலை. "தெரியாதும்மா, வரலாம்"ன்னாங்க.

அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அழுகலை. "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மறைச்சு மறைச்சு அந்த மனுசனப் பொதைச்சுட்டீக"ன்னுச்சு. அதுலேருந்து என்கூடப் பேசலை.

நீ எனக்காகக் கையெழுத்துப் போட வேண்டாம். அம்மாவுக்காகவும் வேண்டாம். உன் அப்பீல் இல்லைன்னா என் பத்திரத்தப் படிக்க எந்தக் கோர்ட்டும் இல்லையாம். சங்கிலி அண்ணன் பேருல உள்ளது போகணும்னா நீ போடணும். நாளைக்கழிச்சு கடைசி.

வாணி

*

சிறை, மதுரை
10.07.2025

போட்டுவிட்டேன். இரண்டு பிரதியிலும்.

அவர் பார்த்துத்தான் வந்தார் என்று எழுத வேண்டும். அதை மேடத்திடம் முதல் வரியில் எழுதச் சொல்.

சித்தார்த்

*

திண்டுக்கல்
04.10.2025

வாணிக்கு,

போனில் கூப்பிட்டால் சண்டைதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

ஜூலையில் தண்டனையை நிறுத்தி வைத்து என்னை வெளியே விட்டார்களே, அன்றைக்கு வாசலில் நீ நிற்பதைப் பார்த்தேன். மஞ்சள் பை ஒன்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேப்பமரத்துக்குக் கீழே நின்றாய். நான் எதிர்ப் பக்கமாக நடந்து பஸ் ஏறிவிட்டேன். வேண்டுமென்றுதான். மாட்டுத்தாவணிக்கு வராமல் நேராக இங்கே வந்துவிட்டேன். லாரி செட்டில் கணக்கு எழுதுகிறேன். ஸ்டியரிங் பக்கம் போவதில்லை. அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். அது உனக்குத் தெரிந்திருக்கும்.

உன்மேல் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதி உன்னைச் சந்தோசப்படுத்த என்னால் முடியாது. வளையத்தைத் தப்பாக மாட்டியதற்கு இல்லை. அது யாருக்கும் வரும், எனக்கும் வரும். அந்த நாலு மாசத்துக்குத்தான். இது எப்போது ஆறும் என்று தெரியாது. ஆறாமலே போகலாம் என்றும் பயமாக இருக்கிறது. எனக்கு இருப்பது நீ ஒரே தங்கச்சிதான்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். நான் என்னையே நம்பாத ஆளாகிவிட்டேன். கதவைப் பூட்டினேனா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பேன். போன வாரம் பூட்டிவிட்டு நடந்தேன். பஸ் ஸ்டாப் வந்த பிறகுதான், திரும்பிப் பார்க்கவில்லை என்பதே ஞாபகம் வந்தது. அப்படியே பஸ் ஏறிவிட்டேன். அது உன் கடிதத்தால்தான்.

மாதங்கி மேடம் கூப்பிட்டார்கள். 15ஆம் தேதி உன்னை விசாரிக்கிறார்களாம். அரசு வக்கீல் உன்னைப் புரட்டி எடுப்பார் என்றார்கள். அண்ணனைக் காப்பாற்ற வளையத்தை இப்போது திருப்பி வைத்தாயா என்று கேட்பார்கள். அத்தனை பேர் முன்னால் உன்னை வேலை தெரியாதவள் என்பார்கள். உன்மேல் வழக்கு வரும் என்று பயமுறுத்துவார்கள். அது பயமுறுத்தல் மட்டும் இல்லை, வரவும் வரலாம். இவ்வளவையும் தெரிந்துகொண்டு நீ போகிறாய்.

நான் வருகிறேன். காலையில் முதல் பஸ்ஸில் வந்து உள்ளே உட்கார்ந்திருப்பேன். உன்னோடு பேசுவேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நீ கூண்டிலிருந்து திரும்பிப் பார்த்தால் நான் இருப்பேன். அவ்வளவுதான் இப்போதைக்கு.

முத்துத்தாய் அம்மாவும் வருகிறார்களாம். அவர்கள் எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்கள். அங்கே மின்விசிறி இரைச்சலில் ஒன்றும் கேட்காது. இரண்டு வருசமும் அவர்கள் பாதிதான் கேட்டிருப்பார்கள்.

நீ சத்தமாகச் சொல்.

சித்தார்த்